சஸ்டெயினபிலிட்டி சர்வே சைட்: கூகுள் ஃபார்ம்ஸா, லைம்சர்வேயா, கோபோவா, சொந்த கோடா?

காலேஜ் எக்கோ கிளப்போ, அபார்ட்மென்ட் சங்கமோ, சின்ன என்ஜிஓவோ, "நம்ம ஆளுங்களோட தனிப்பட்ட சஸ்டெயினபிலிட்டி மதிப்புகள் (சுற்றுச்சூழல் விஷயத்துல எத முக்கியமா நினைக்கிறாங்க) என்னன்னு ஒரு சர்வே சைட் போடலாம்"னு முடிவு பண்ண உடனே வர்ற கேள்வி, எந்த டூல்? என்னைக் கேட்டா அது ரெண்டாவது கேள்வி. ஆளுங்கள மார்க் போடச் சொல்லப் போறீங்களா, இல்ல ஒண்ண எடுத்தா இன்னொண்ண விட்டே ஆகணும்னு தேர்ந்தெடுக்கச் சொல்லப் போறீங்களாங்கிறது தான் முதல்ல முடிவாகணும். அது முடிவாகாம டூல் தேடப் போனா பாக்க அழகா இருக்கிறத எடுத்துட்டு வந்து, கடைசில எல்லாரும் எல்லாத்துக்கும் அஞ்சுக்கு அஞ்சு போட்ட எக்செல் ஷீட் ஒண்ண வச்சுக்கிட்டு உக்காந்திருப்பீங்க.

மார்க் போடுற முறை லிக்கர்ட்ங்கிற உளவியலாளர் 1932ல கொண்டு வந்தது, இன்னும் ஓடிட்டு தான் இருக்கு, கேள்வி எழுதவும் ஈஸி பதில் சொல்லவும் ஈஸி. ஆனா "தண்ணிய மிச்சம் பண்றது உங்களுக்கு எவ்வளவு முக்கியம்"னு 2019ல சென்னைல குடத்தத் தூக்கிட்டு லாரிக்கு க்யூல நின்னவங்ககிட்ட கேட்டா யாரு 2 போடுவாங்க? எல்லாம் 5 தான், அந்த 5ஐ வச்சு ஒண்ணும் பண்ண முடியாது. இந்தப் பிரச்சனைக்கு ரெடிமேடா இருக்கிற கேள்வித் தொகுப்புகள்ல (ஸ்கேல்னு சொல்லுவாங்க) ரெண்டு விதமான வைத்தியம் இருக்கு. டன்லப், வான் லியர்னு ரெண்டு ஆராய்ச்சியாளருங்க 1978ல போட்ட என்இபி (நியூ என்விரான்மென்டல் பேரடைம்) ஸ்கேல 2000ல திருத்தி 15 வாக்கியமா ஆக்குனாங்க, அதுல 8 ஒரு பக்கம் சாயும் 7 எதிர்ப்பக்கம் சாயும், அதனால கண்ண மூடிட்டு "ஒத்துக்கிறேன் ஒத்துக்கிறேன்"னு தட்டிட்டே போறவங்க மாட்டிக்குவாங்க. நல்லது தான், ஆனா அது அளக்குறது உலகத்தப் பத்தின பார்வைய (பூமி இன்னும் எவ்வளவு தாங்கும், மனுஷனுக்கு இயற்கைய ஆள உரிமை இருக்கா இந்த மாதிரி), ஒரு ஆளு தன் வாழ்க்கைல எத முன்னாடி வைக்கிறாருங்கிறத இல்ல. இன்னொண்ணு ஷ்வார்ட்ஸ்ங்கிற உளவியலாளரோட முறை. ஒரு ஆளப் பத்தி ரெண்டு வரில சொல்லிட்டு "இவரு எந்த அளவு உங்கள மாதிரி"ன்னு கேக்குறது, ஐரோப்பிய சோஷியல் சர்வேல 2002ல இருந்து இதோட 21 கேள்வி வடிவம் போகுது. இதே பாணில சுற்றுச்சூழல் விஷயத்துக்குன்னே இயற்கை, அடுத்தவங்க நலன், சுகம், சொந்த லாபம்னு நாலு மதிப்ப அளக்குற ஒரு வடிவத்த 2018ல பௌமன், ஸ்டெக், கியர்ஸ்னு மூணு ஆராய்ச்சியாளருங்க வெளியிட்டாங்க. நம்ம ஆளுங்களுக்கு இது நல்லாவே செட் ஆகும்னு தோணுது, மூணாவது மனுஷனப் பத்தி பேசும்போது பெருமை அடிக்கிறது கொஞ்சம் குறையும். அதோட ஒவ்வொருத்தரோட சராசரிய அவங்கவங்க மார்க்ல இருந்து கழிச்சுட்டா எல்லாத்துக்கும் அள்ளிக் கொடுக்குறவரும் கஞ்சத்தனமா போடுறவரும் ஒரே தரையில நிப்பாங்க.

வரிசைப்படுத்துற முறை வேற. செலவு குறையறது, நேரம் மிச்சம், வீட்டு ஆளுங்க உடம்பு, மண்ணு தண்ணி உயிரினங்க, அக்கம்பக்கத்துக்கு நியாயம், பேரப்புள்ளைங்க காலம்னு ஆறு கொடுத்து ஒண்ணுல இருந்து ஆறு வரைக்கும் அடுக்குங்கன்னா எல்லாத்தையும் முதல் இடத்துல வைக்க முடியாது, அங்க தான் உண்மை கொஞ்சம் கசியும். 100 பாயின்ட்ட பிரிச்சுக் கொடுங்கன்னு கேக்குறது இன்னும் நுணுக்கமா இருக்கும் ஆனா போன்ல கூட்டல் கணக்கு போடச் சொன்னா பாதி பேர் மூடிட்டுப் போயிடுவாங்க. நாலு நாலா காட்டி "இதுல ரொம்ப முக்கியம் எது, ரொம்ப கம்மி எது"ன்னு ரெண்டு தட்டு மட்டும் தட்டச் சொல்றது தான் என் ஃபேவரிட், ஆனா எந்த ஸ்கிரீன்ல எது எது வரணும்னு முன்னாடியே கட்டம் போட்டு வைக்கணும், சோம்பேறித்தனத்துக்கு இடமில்ல.

இன்னொரு குழி இருக்கு. பழக்கத்தக் கேட்டுட்டு அத மதிப்புன்னு எழுதிடுறது. "பஸ்ல போறீங்களா"ன்னு கேட்டா ஆமான்னு சொல்ற அக்காவுக்கு 2021 மே மாசத்துல இருந்து சாதாரண டவுன் பஸ்ல டிக்கெட்டுக்கு காசே கிடையாது, அதுக்காக அவங்களுக்கு இயற்கை மேல அக்கறை இல்லன்னும் சொல்ல முடியாது இருக்குன்னும் சொல்ல முடியாது. "வீட்ல மழைநீர் சேகரிப்பு இருக்கா"ன்னா 2003லயே கட்டாயம் ஆக்கிட்டாங்க, குழாய் எங்க போகுதுன்னு தெரியாதவங்க கூட இருக்குன்னு தான் சொல்லுவாங்க. 2019 ஜனவரி 1ல இருந்து பிளாஸ்டிக் பைக்குத் தடை, 2021 டிசம்பர்ல மீண்டும் மஞ்சப்பை வேற ஆரம்பிச்சாச்சு, அதனால பைய பத்திக் கேட்டா பதில் மனப்பாடமா வரும். ஏசி இல்லாத வீடெல்லாம் கொள்கையால ஏசி இல்லாத வீடு இல்லைங்க. பழக்கம் தனி பக்கம், மதிப்பு தனி பக்கம், பழக்கத்துக்குப் பக்கத்துல "ஏன்"னு ஒரு சின்னக் கேள்வி. இதுக்கு எந்த டூல் ஒத்து வருதுன்னு பாப்போம்.

கூகுள் ஃபார்ம்ஸ்ல இருந்து ஆரம்பிக்கலாம், ஏன்னா முக்காவாசி பேர் அங்க தான் ஆரம்பிச்சு அங்கயே முடிச்சுடுறாங்க. காசு கிடையாது, சாயங்காலம் உக்காந்தா ராத்திரிக்குள்ள வாட்ஸ்அப் க்ரூப்ல லிங்க் போயிடும், பதில் நேரா ஷீட்ஸ்ல வந்து விழும். மார்க் போடுற சர்வேக்கு இது போதும். ஆனா வரிசைப்படுத்துற கேள்வி வகையே இதுல இல்ல. கட்டம் போட்ட கேள்வியெடுத்து "ஒரு காலத்துக்கு ஒரு பதில்"ங்கிற (காலம்னா மேல இருந்து கீழ போற நெடுவரிசை) செட்டிங்க போட்டு, ஒவ்வொரு வரிசைக்கும் பதில் கட்டாயம்னு ஆக்கி ஒப்பேத்தலாம் தான், லேப்டாப்ல நல்லா இருக்கும். போன்ல அந்தக் கட்டம் பக்கவாட்டுல ஓடும், தமிழ் வார்த்தை நீளம் வேற, ஆறாவது காலம் இருக்குன்னே பாதி பேருக்குத் தெரியாது. தமிழ் இங்கிலீஷ் ரெண்டுலயும் வேணும்னா முதல் கேள்வியா மொழியக் கேட்டு தனித்தனி செக்‌ஷனுக்கு அனுப்பணும், அப்புறம் ஒரே கேள்வியோட பதில் ரெண்டு காலத்துல உக்காந்திருக்கும், நீங்க தான் ஒட்டணும். ஆளுக்கு ஒரு தடவைன்னு கட்டுப்படுத்தணும்னா கூகுள் லாகின் கேக்கும். லாகின்ல இருக்கிறவங்களுக்கு ஃபார்ம் மேலயே அவங்க மெயில் ஐடி தெரியும், பக்கத்துல பகிரப்படாதுன்னு எழுதியிருந்தாலும் அந்த ஐடியப் பாத்த உடனே மனுஷன் உஷார் ஆயிடுவான், உஷார் ஆன மனுஷன் நல்ல புள்ள பதில் தான் போடுவான். மதிப்பப் பத்தின சர்வேக்கு இதெல்லாம் சின்ன விஷயம் இல்ல.

லைம்சர்வே பழைய ஆளு, முன்னாடி பிஹெச்பி சர்வேயர்னு பேரு. ஓப்பன் சோர்ஸ், சாதாரண ஷேர்டு ஹோஸ்டிங்லயே பிஹெச்பியும் மைஎஸ்க்யூஎல்லும் இருந்தா ஏத்திடலாம். பாக்க கொஞ்சம் கவர்மென்ட் ஆபீஸ் மாதிரி இருக்கும், அட்மின் பக்கத்துல செட்டிங் எது எங்கன்னு தேடியே ஒரு நாள் போயிடும், ஆனா உள்ள இருக்கிற சரக்கு வேற லெவல். வரிசைப்படுத்துற கேள்வி சொந்தமாவே இருக்கு. ஒரே சர்வேக்கு பல மொழி சேக்கலாம், தமிழ்ல சொன்னாலும் இங்கிலீஷ்ல சொன்னாலும் பதில் ஒரே கோடா ஒரே காலத்துல போகும், கூகுள்ல ஒட்டுன அந்த ஒட்டு வேலையே கிடையாது. ஆளுங்கள ரேண்டமா ரெண்டா பிரிச்சு பாதிப் பேருக்கு பழக்கக் கேள்விய முன்னாடி பாதிப் பேருக்கு மதிப்புக் கேள்விய முன்னாடி காட்டலாம், கேள்வி வரிசை பதில மாத்துதான்னு தெரிஞ்சுரும். எவ்வளவு நேரத்துல பதில் சொன்னாங்கன்னு பதிவு பண்ணும், 15 கேள்விய அரை நிமிஷத்துல முடிச்சவரு என்ன படிச்சிருப்பாருன்னு நீங்களே முடிவு பண்ணிக்கலாம். ரெண்டு எச்சரிக்கை மட்டும். சர்வேய ஆக்டிவேட் பண்ணிட்டா கேள்வி சேக்கவோ தூக்கவோ முடியாது, அனானிமஸ் செட்டிங்கும் அதோட பூட்டிக்கும், அதனால டெஸ்ட் பண்ணாம பட்டன அமுக்காதீங்க. தேதி பதிவ ஆன் பண்ண மறந்தா எல்லா பதிலும் 1980 ஜனவரி 1ல வந்ததா காட்டும், அப்போ பொறக்காத பசங்க எல்லாம் அன்னைக்கே பதில் போட்டிருப்பாங்க. போன்ல வரிசைய விரலால இழுக்கும்போது சில சமயம் பக்கமும் சேந்து நகரும், ஆறு ஐட்டத்துக்கு மேல வைக்காம இருந்தா சமாளிக்கலாம்.

கோபோடூல்பாக்ஸ் வேற உலகம், ஹார்வர்டு மனிதாபிமான முயற்சிங்கிற குழுகிட்ட இருந்து வந்தது, நெட் இல்லாத இடத்துக்குப் போற களப்பணியாளருக்காக செஞ்சது. கேள்வியெல்லாம் எக்செல்ல எழுதி ஏத்தலாம், தமிழுக்கு ஒரு காலம் இங்கிலீஷுக்கு ஒரு காலம் அவ்ளோ தான். ஆண்ட்ராய்டு ஆப்ல பதில் சேந்துட்டே இருக்கும், ஊருக்குத் திரும்பி நெட் வந்ததும் அனுப்பிக்கலாம். வரிசைப்படுத்துற கேள்வியும் இருக்கு. கொல்லிமலைப் பக்கமோ, போன்ல சர்வே நிரப்பிப் பழக்கமில்லாத பெரியவங்ககிட்டயோ போறீங்கன்னா யோசிக்காம இத எடுங்க. லைம்சர்வேயோட ஒப்பிட்டா ஒரே குறை டூலோடது இல்ல, முறையோடது: எதிர்ல ஒரு வாலண்டியர் பையன் பச்சை டீஷர்ட் போட்டுக்கிட்டு நின்னு "நீங்க குப்பைய பிரிக்கிறீங்களாம்மா"ன்னு கேட்டா எந்தம்மா இல்லன்னு சொல்லும்? மதிப்புப் பகுதி வரும்போது போன அவங்க கையிலயே கொடுத்துட்டு ரெண்டடி தள்ளி நிக்கணும், டீஷர்ட்டும் வேண்டாம்.

சர்வேமங்கி, டைப்ஃபார்ம், நம்ம ஊரு ஸோஹோ சர்வே இதெல்லாம் அழகு, வேகம். ஆனா இலவச பிளான்ல கேள்வி எண்ணிக்கையிலயோ பதில் எண்ணிக்கையிலயோ கயிறு கட்டியிருப்பாங்க. காசு கொடுக்க ஸ்பான்சர் இருந்தா பாருங்க, நான் இதுக்கு மேல நேரம் செலவு பண்ண மாட்டேன்.

சொந்தமா கோட் அடிக்கிறதுக்கு ஒரே ஒரு நியாயமான காரணம் தான் எனக்குத் தெரியுது, ரிசல்ட் பக்கம். பதில் சொல்லி முடிச்சதும் "நீங்க முதல்ல வச்சது இது, உங்க பழக்கத்துல தெரியறது இது, உங்க ஏரியால மத்தவங்க வச்சது இது"ன்னு ஒரு படம் காட்டுனா ஆளுங்க லிங்க்க தானா பரப்புவாங்க. மத்த டூல்ல இந்த அளவுக்கு வளைக்கிறது கஷ்டம். கேள்விப் பக்கத்த நீங்களே முதல்ல இருந்து எழுதாதீங்க, சர்வேஜேஎஸ்னு ஒரு லைப்ரரி (ரெடிமேட் கோடு) எம்ஐடி லைசன்ஸ்ல இலவசமா கிடைக்குது, வரிசைக் கேள்வி எல்லாம் ரெடியா இருக்கு, கேள்விகள ஜேசன் (JSON) வடிவத்துல எழுதிட்டா போதும் (இழுத்துப் போட்டு சர்வே கட்டுற எடிட்டருக்கு காசு). ஆனா பின்னாடி டேட்டாபேஸ், பேக்கப், பாட் (தானா போலிப் பதில் போடுற புரோகிராம்) தொல்லை, பாதில விட்டுட்டுப் போனவங்களோட பதில் எல்லாம் உங்க தலைல. பைனல் இயர் பையன் ஒருத்தன் ஆர்வமா கட்டிக் கொடுத்துட்டு வேலைக்குப் போயிட்டான்னா அடுத்த வருஷம் சர்வர் பாஸ்வேர்டு கூட யாருகிட்டயும் இருக்காது. அப்புறம் அந்த ரிசல்ட் பக்கத்துல "உங்க பசுமை மார்க் 82"ன்னு மட்டும் போட்டுடாதீங்க, ரெண்டாவது தடவை வந்து 100 வாங்குற வரைக்கும் பதில மாத்திட்டே இருப்பாங்க.

எந்தப் பக்கம் போனாலும் தமிழ் விஷயத்துல ரெண்டு இடத்துல கால் தடுக்கும். கேள்வித்தாள யாராவது பாமினிங்கிற பழைய, யூனிகோடு இல்லாத ஃபான்ட்ல அடிச்சுக் கொடுத்தா அத யூனிகோடுக்கு மாத்தி வரி வரியா படிச்சுப் பாக்காம ஏத்தாதீங்க. பதில டவுன்லோடு பண்ற சிஎஸ்வி ஃபைல எக்செல்ல நேரா திறந்தா எழுத்து பூச்சி பூச்சியா வரும், டேட்டா ஒண்ணும் கெடல, யூடிஎஃப்-8னு சொல்லி இம்போர்ட் பண்ணா சரியாயிடும்.

நான் எடுக்கிறதா இருந்தா, முதல்ல பத்து இருபது பேருக்கு கூகுள் ஃபார்ம்ஸ்ல வெறும் டெக்ஸ்ட் பாக்ஸ் வச்சு "எது முக்கியம், ஏன்"னு கேட்டு அவங்க சொல்ற வார்த்தைய வச்சே அந்த ஆறு ஐட்டத்த எழுதுவேன், நிஜ சர்வேய லைம்சர்வேல ஓட்டுவேன், கிராமத்துக்குப் போற பகுதிக்கு மட்டும் கோபோ. சொந்த கோடு, அத மூணு வருஷம் பாத்துக்க ஒரு ஆளு இருந்தா மட்டும்.

காலேஜ்ல ஓட்டுறவங்க ஒண்ணு கவனிங்க. 2023 டிஜிட்டல் தனிநபர் தரவு பாதுகாப்புச் சட்டத்துல 18 வயசுக்குக் கீழ எல்லாரும் குழந்தை தான், அவங்க தரவ எடுக்க அப்பா அம்மா சம்மதம் வேணும். ஆராய்ச்சி, புள்ளிவிவர வேலைக்கு நிபந்தனையோட விலக்கு இருக்கு, ஆனா அத நம்பி பேரு போன் நம்பர் எல்லாம் வாங்கி வைக்கிறது தேவையில்லாத வம்பு. ஃபர்ஸ்ட் இயர்ல நிறைய பேருக்கு 17 தான் ஆகியிருக்கும். பேரும் நம்பரும் கேக்காதீங்க, வயசக் கேக்குற கேள்விய முதல்லயே வைங்க, 18க்குக் கீழன்னா நன்றி சொல்லி அங்கயே முடிச்சுடுங்க. நாலு டூல்லயும் அது பண்ண முடியும்.