நேரடி விதைப்பு நெல்லுக்குக் களைக்கொல்லி வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

ரூ.16,800. விதைத்த ஒன்பதாம் நாளே அத்தனையும் சேற்றோடு போய்விட்டது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். கடையின் பெயரை எழுதப்போவதில்லை. எங்கள் காட்டுமன்னார்கோவில் பக்கத்தில் உரமும் பூச்சிமருந்தும் விற்கிற ஒரு கடை, அவ்வளவுதான்.

வீராணத்துத் தண்ணீர் வந்ததும், நடவுக்கு ஆள் தேடி அலைய முடியாது என்று இந்த முறையும் இரண்டு ஏக்கரில் சேற்று விதைப்புதான் செய்தோம். முளைகட்டிய விதை 60 கிலோ. மூன்றாம் நாள் களைக்கொல்லி அடிக்க வேண்டும். போன வருஷம் அடித்த மருந்தின் காலிப் பாட்டிலையே கையோடு எடுத்துக்கொண்டு போனேன். அதை மேசைமேல் வைத்து, இதே மருந்துதான் வேண்டும் என்றேன். பேர் மாறிவிடக் கூடாது என்றுதானே பாட்டிலையே தூக்கிக்கொண்டு போனது?

"அந்தச் சரக்கு வரல அண்ணே. இதுவும் அதே பிரெட்டிலாகுளோர்தான். அது 30 சதம், இது 50 சதம். வேகம் கூட. அதே அளவு அடிங்க. நெல்லுக்கு ஒண்ணும் ஆகாது, புல்லை மட்டும்தான் பிடிக்கும்" என்றார் கடைக்காரர்.

லேபிளைப் பார்த்தேன், அதே பெயர்தான் இருந்தது. பதினோரு வருஷமாக அந்தக் கடையில்தான் வாங்குகிறேன். அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த வருஷம் அறுவடை வரைக்கும் உரத்தைக் கடனுக்குக் கொடுத்தவர். அந்த நன்றி இன்னும் மனசில் இருக்கிறது. அதனால்தான் வேறு யாரையும் கேட்காமல், அவர் எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அடித்த ஆறாம் நாள் வயலில் இறங்கினால் முக்கால்வாசி முளை மேலே வரவேயில்லை. வந்ததும் கட்டையாக, இலை விரியாமல் சுருண்டு கிடந்தது.

அன்றைக்கே கடைக்கு ஓடினேன். "தண்ணி சரியா வடிச்சிருக்க மாட்டீங்க" என்றார். மறுநாள் போனபோது விதையின் முளைப்புத் திறன் சரியில்லை என்றார். முளைகட்டி, முளையைக் கண்ணால் பார்த்து விதைத்தவனிடம் இதைச் சொல்கிறார்! அப்புறம் கம்பெனி ஆள் வந்து பார்ப்பார் என்றார். நான்கு நாள் காத்திருந்தேன், யாரும் வரவில்லை. போன் எடுக்கவில்லை. நேரில் போனால் கடைப் பையன், "முதலாளி பாண்டிச்சேரி போயிருக்காரு" என்கிறான். ரூ.16,800-க்கு இதுதான் பதில்.

அண்ணன் மகள் அண்ணாமலை நகரில் வேளாண்மை படிக்கிறாள். இரண்டு பாட்டிலையும் படம் பிடித்து அனுப்பினேன். பார்த்த உடனே கூப்பிட்டாள். "சித்தப்பா, இது நடவு வயலுக்கு உள்ளது. இதுல சேஃப்னர், அதான் நெல் முளையைக் காப்பாத்துற பொருள், இல்ல" என்றாள்.

அவள் சொல்லித்தான் புரிந்தது. மருந்துக்கு நெல் எது, புல் எது என்று தெரியாது. இரண்டுக்குள்ளும் போகிறது. நெல் தப்பிக்கிறது என்றால் அதன் உடம்பில் இருக்கிற நொதிகள் அந்த விஷத்தைப் பிடித்து, குளூட்டாதயோன் என்ற பொருளோடு ஒட்டி, செயலிழக்கச் செய்து செல்லுக்குள் ஓர் ஓரமாக ஒதுக்கிவிடுவதால்தான். வேப்பூர் பக்கம் மக்காச்சோளத்தில் அட்ரசின் களைக்கொல்லி அடித்தாலும் பயிர் நிற்பது இதே வேலையால்தான். ஆனால் அந்த நொதி போதுமான அளவுக்கு இருக்க வேண்டும். இருபது இருபத்தைந்து நாள் நாற்றில் இருக்கும், வேரும் ஆழத்தில் இருக்கும். மூன்று நாள் முளைக்கு அந்தச் சக்தி ஏது? அதற்காகத்தான் நேரடி விதைப்புக்கான 30.7 சத மருந்தில் ஃபென்குளோரிம் என்ற சேஃப்னரைச் சேர்க்கிறார்கள். அது நெல் முளையைத் தூண்டி, அந்த நொதியைக் கூடுதலாகச் சுரக்க வைக்கிறது. நான் வாங்கியதில் அது இல்லை. போதாக்குறைக்கு 50 சத மருந்தை அதே அளவு அடிக்கச் சொன்னதால், ஒன்றரை மடங்குக்கும் மேல் விஷம் முளைமேல் விழுந்திருக்கிறது. "வேகம் கூட" என்று அவர் சொன்னது இதைத்தான்.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். விதை 2,700. டிராக்டர் வைத்துச் சேறு கலக்கியது 7,200. வரப்பு வெட்டிச் சமன் செய்த கூலி 4,800. மருந்தும் அடித்த கூலியும் 2,100. மொத்தம் ரூ.16,800. இனி நாற்று வாங்கி நடுகிற செலவு தனி. ஐப்பசி மழை பிடிப்பதற்குள் அதையும் முடித்தாக வேண்டும்.

வாங்கப் போகிறவர்களுக்கு நிறைய எழுத நினைத்தேன், நேரமில்லை. முளைகட்டி விதைத்த வயல் என்றால் லேபிளில் சேஃப்னர் என்று இருக்கிறதா, நேரடி விதைப்புக்கு என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். பெயர் ஒன்றாக இருந்தால் போதாது, சதவீதத்தையும் பாருங்கள். பில் கேட்டு வாங்குங்கள். 1968-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டத்தில் களைக்கொல்லியும் அடக்கம், பில் தரவேண்டியது அவர்கள் கடமை. என்னிடம் துண்டுச் சீட்டு மட்டும்தான் இருக்கிறது, அதை வைத்துக்கொண்டு எங்கே போய் நிற்பது? பாட்டிலைத் தூக்கி எறியாதீர்கள். களைக்கொல்லியோடு பூச்சிமருந்தையும் கலந்து ஒரே கையில் அடிக்கச் சொன்னால் கேட்காதீர்கள். சில பூச்சிமருந்துகள் பயிரில் விஷத்தை முறிக்கிற நொதிகளையே முடக்கிவிடும். புரோபனில் என்ற களைக்கொல்லி அடித்த நெல்லுக்கு அப்படித்தான் ஆகும் என்று அவள் சொன்னாள்.

நாற்று ஏற்றிய வண்டி வந்துவிட்டது. கடைக்காரர் பாண்டிச்சேரியிலிருந்து திரும்பியதை யாராவது பார்த்தால் எனக்குச் சொல்லுங்கள்.