கார் ஷெட் தளத்துக்கு அடியில் தெர்மோகோல்: குமரி மாவட்டத்தில் கட்டப்போகிறவர்கள் கவனத்துக்கு

"தளத்துக்கு அடியில நுரைப்பலகை போட்டு, மேல ஒரே கான்கிரீட். வானம் (அஸ்திவாரக் குழி) ஆழமா தோண்டவே வேண்டாம் சார், கனடாவுல எல்லாம் இப்படித்தான்" என்று யாராவது கார் ஷெட்டுக்கு விலை சொன்னால், அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். சுசீந்திரம் பக்கம் வயல் நிரத்திய எங்கள் மனையில், வீட்டை ஒட்டாமல் தனியாக, 12 அடிக்கு 20 அடியில் இப்படித்தான் ஒரு ஷெட் எழும்பியது. மே மாதம் தளம் போட்டார்கள். இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையைத் தாங்கிய ஷெட், ஐப்பசி மழையில் பின்மூலை ஒன்றரை அங்குலம் இறங்கிவிட்டது. சுவரில் படிக்கட்டு மாதிரி விரிசல். ஷட்டர் பாதியில் சிக்கி நிற்கிறது.

நுரைப்பலகை முறை பொய்யல்ல. ஆனால் அது குளிர் நாட்டுக்கு உரிய வேலை. அங்கே குளிர்காலத்தில் மண்ணுக்குள் இருக்கும் தண்ணீர் உறைகிறது. உறையும்போது அதன் கொள்ளளவு சுமார் 9 சதவீதம் கூடும். அதைவிட மோசமானது, உறையும் இடத்தை நோக்கிக் கீழிருந்து ஈரம் ஊறி ஏறி, மண்ணுக்குள் பனிக்கட்டி அடுக்கடுக்காகக் கட்டுவது. அது கட்டடத்தையே தூக்கும். உருகியதும் கீழே விடும். அதனால்தான் டொரொண்டோவில் அஸ்திவாரம் 1.2 மீட்டர் ஆழம் போகிறது. அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தின் தென்பகுதியில் 42 அங்குலம், வடபகுதியில் 60 அங்குலம். இவ்வளவு தோண்டுவதைத் தவிர்க்கத்தான் நுரைப்பலகை. பூமியின் சூட்டை வெளியே விடாமல் பிடித்துவைத்து அடிமண் உறையாமல் காக்கும் என்பதால், சுமார் 16 அங்குல ஆழத்தோடு அங்கே நிறுத்திக்கொள்கிறார்கள். அதுவும் பாரம் தாங்கும் கெட்டியான பலகை. அதன் அடியில் இடித்து இறுக்கிய ஜல்லி, தண்ணீர் வடியக் குழாய் எல்லாம் இருக்கும்.

நம் ஊரில் மண் உறைவதே கிடையாது. ஆக அந்தப் பலகைக்கு இங்கே வேலையே இல்லை. நம் தொந்தரவு தண்ணீர்தான். தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழையும் வாங்குகிற மாவட்டம் இது. வயலை நிரத்தியபோது கொட்டிய செம்மண் இரண்டு மூன்றடி, அதன் கீழே பழைய வயல் சேறு. மழையில் நீர்மட்டம் ஏறி, கொட்டிய மண் ஊறி அமர்ந்துவிடும். அந்த இரண்டையும் தாண்டி, அசையாத பழைய மண்ணில் போய் உட்காரத்தான் இங்கே ஆழம் தோண்டுகிறோம். ஆழத்தை மிச்சப்படுத்தினால் மிச்சமாவது கான்ட்ராக்டருக்குத்தான்.

இறங்கிய மூலையில் தளத்தை உளி வைத்து ஒரு கை அகலத்துக்கு உடைத்தோம். ஸ்கேல் வைத்தால் கான்கிரீட் மூன்று அங்குலம். கம்பி கான்கிரீட்டுக்குள் இல்லை, கீழே பாலித்தீன் தாளின் மேலேயே படுத்துக் கிடந்தது. கம்பியைத் தூக்கிப் பிடிக்கும் சிறு கட்டையான கவர் பிளாக் ஒன்றுகூட இல்லை. அதற்கும் கீழே டிவி பெட்டிக்குள் வைத்து வருமே, அதே வெள்ளைத் தெர்மோகோல். கட்டைவிரலால் அழுத்தினால் குழி விழுகிறது. கார் சக்கரம் ஒன்று முந்நூறு, நானூறு கிலோ பாரம் இறக்கும் இடம் அது. ஓரத்தில் கரையான் அதைக் குடைந்து மண்பாதை போட்டிருந்தது. இந்தத் தெர்மோகோலுக்கு மட்டும் கான்ட்ராக்டர் சதுர அடிக்கு 110 ரூபாய் தனியாக வாங்கியிருந்தார்.

பில்லில் எழுதியது ஐந்து அங்குலத் தளம். 12க்கு 20 அடி, ஐந்து அங்குலம் என்றால் சரியாக 100 கன அடி. 1:1½:3 (சிமெண்ட், மணல், ஜல்லி) கலவையில் இதற்குச் சுமார் 23 மூட்டை சிமெண்ட், 42 கன அடி எம்-சாண்ட், 84 கன அடி முக்கால் இஞ்ச் ஜல்லி வேண்டும். வந்து இறங்கியது 14 மூட்டை. மூன்று அங்குலத்தில் இதே கலவையைப் போட்டால் சுமார் 14 மூட்டையில் முடிந்துவிடும், கணக்கு அப்படியே பொருந்துகிறது. கம்பியும் அப்படித்தான். 8 எம்எம் கம்பியை இரண்டு பக்கமும் எட்டு அங்குலத்துக்கு ஒன்றாகக் கட்ட, 40 அடி நீளத்தில் 21 கம்பி, ஏறக்குறைய 100 கிலோ ஆகும். மூட்டையையும் கம்பியையும் இறக்கும்போதே எண்ணிவிடுங்கள். கான்கிரீட் போட்ட பிறகு எண்ண முடியாது.

முறையாகச் செய்திருந்தால் வேலை இப்படி நடந்திருக்கும். வானம் இரண்டடி அகலம். ஆழத்தைக் கொட்டேஷனில் எழுதுவதோடு விடாமல், கம்பிப்பாரையை வைத்துக் குத்திப் பார்க்க வேண்டும். ஓங்கிக் குத்தியும் பாரை ஓரிரு அங்குலத்துக்கு மேல் இறங்காத மண் வரும்வரை தோண்ட வேண்டும். நிரத்திய மனையில் அது மூன்றடியிலும் வரலாம், ஐந்தடியிலும் வரலாம். ஐந்தடி தாண்டியும் சேறாகவே இருந்தால் கல் கட்டும் வேலையை விட்டுவிட்டு, இன்ஜினியரிடம் காட்டிக் குழி எடுத்து, தூண் எழுப்பி பெல்ட் (சுவரின் அடியில் ஓடும் கம்பி போட்ட கான்கிரீட் பட்டை) போடுவதே நல்லது. அடியில் 1:4:8 கான்கிரீட் ஆறு அங்குலம். அதன்மேல் கருங்கல் கட்டு, 1:6 சாந்தில். ஐந்தடிக்கு ஒன்று சுவரின் முழு அகலத்துக்கும் ஓடும் பூட்டுக்கல் வைக்கச் சொல்லுங்கள். வெளிப்பக்கம் மட்டும் அழகாக அடுக்கி, உள்ளே சில்லுக்கல்லைக் கொட்டி மண்ணால் மூடுவது இங்கே அடிக்கடி நடக்கிறது. கட்டின் மேல் 9க்கு 6 அங்குல பெல்ட், 10 எம்எம் கம்பி நான்கு, ஆறு அங்குலத்துக்கு ஒரு 8 எம்எம் வளையம். ஷட்டர் வரும் முன்பக்கத்தில் சுவர் இல்லையே என்று பெல்ட்டை விட்டுவிடுவார்கள். கார் ஏறி இறங்கும் வாசல் அதுதான், அங்கேயும் அது ஓட வேண்டும்.

உள்நிரப்புதான் பெரும்பாலான தளங்களைக் கெடுக்கிறது. இரண்டடி மண்ணை ஒரேயடியாகத் தள்ளிவிட்டு, "தண்ணி விட்டா தானா அமர்ந்திரும்" என்பார்கள். மணலுக்கு அது ஓரளவு சரி. செம்மண்ணுக்குச் சரியில்லை, மேல் தோல் மட்டும் சேறாகி அடியில் பொத்தலாகவே நிற்கும். ஆறு அங்குலம் கொட்டி, லேசாக நனைத்து, வாடகைக்குக் கிடைக்கும் ரேமர் இயந்திரத்தால் இடித்து, பிறகுதான் அடுத்த ஆறு அங்குலம். மேலே நான்கு அங்குலம் ஜல்லியும் பாறைப்பொடியும் போட்டு இறுக்கி, 250 மைக்ரான் பாலித்தீன் விரித்து, 40 எம்எம் கவர் பிளாக் மேல் கம்பி கட்டுங்கள். தண்ணீர் மூட்டைக்கு 25 லிட்டர், மணல் ஈரமாக இருந்தால் இன்னும் குறைவு. தள்ளுவதற்குச் சுலபமாக இருக்கட்டும் என்று ஆட்கள் வாளி வாளியாக ஊற்றுவார்கள், அங்கேயே நின்று தடுங்கள். வாசல் பக்கம் 20 அடிக்கு இரண்டரை அங்குலம் சரிவு. மறுநாளே நீளத்தின் நடுவில் குறுக்காக ஒன்றேகால் அங்குல ஆழத்துக்கு வெட்டுக்கோடு போட்டுவிட்டால், வெடிப்பு வந்தாலும் அந்தக் கோட்டோடு நிற்கும். பாத்தி கட்டிப் பத்து நாள் தண்ணீர் நிற்க வேண்டும். இப்போது கடையில் அதிகம் கிடைக்கும் பிபிசி (PPC, சாம்பல் கலந்த) சிமெண்டுக்கு ஏழு நாள் போதாது.

குளச்சல், முட்டம் போன்ற கடலோரம் என்றால் கம்பியின் மேல் கான்கிரீட் இரண்டு அங்குலம் மூட வேண்டும். கூரைத் தகட்டைப் பிடிக்கும் போல்ட் பெல்ட் வரை இறங்கிய கம்பியோடு சேர வேண்டும். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்த மாவட்டம் இது.

இறங்கிய தளத்துக்கு மேல் பூசித் தருகிறேன் என்று அதே ஆள் இப்போது சொல்கிறார். ஒத்துக்கொள்ளாதீர்கள். மேலே கூடும் பாரம் இன்னும் கீழேதான் இழுக்கும். தளத்தை வெட்டியெடுத்து, தெர்மோகோலை அகற்றி, மண்ணை இடித்து மறுபடி போட வேண்டும். சுவரின் அடியை மூன்று நான்கு அடித் துண்டுகளாக, ஒன்று விட்டு ஒன்று தோண்டிக் கெட்டி மண்வரை கான்கிரீட் இறக்க வேண்டும். ஒரே நேரத்தில் முழு நீளமும் தோண்டினால் சுவர் விழும்.

பணத்தை வானம், பெல்ட், உள்நிரப்பு, தளம் என்று கட்டம் கட்டமாகக் கொடுங்கள். பத்து சதவீதத்தை ஒரு ஐப்பசி மழை கழியும்வரை பிடித்து வையுங்கள், இதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். ஒவ்வொரு கட்டத்தையும் மூடும் முன் டேப் வைத்துப் போட்டோ எடுங்கள். ஏமாந்துவிட்டால் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் மனு கொடுக்கலாம். கொடுத்த பணம் ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் புகாரைப் பதிந்துகொள்ளலாம். மனுவோடு பில், பணம் அனுப்பிய ரசீது, டேப்போடு எடுத்த போட்டோ, வேறொரு இன்ஜினியர் அளந்து எழுதிக் கொடுத்த அறிக்கை நான்கும் இருக்கட்டும். அந்த அறிக்கை கைக்கு வரும்வரை உடைத்த இடத்தைப் பூசாமல் அப்படியே விட்டு வையுங்கள்.