படத்தைச் சுற்றி எழுத்து ஓட: இன்டிசைனா, ஸ்கிரைபஸா?

படத்தைக் கொண்டுவந்து வைத்தால் எழுத்து விலகாமல் அதன் அடியிலேயே ஓடுகிறது. இல்லையென்றால் எழுத்து விலகிவிடுகிறது, ஆனால் படக்குறிப்பு காணாமல் போகிறது. இதழ், மலர் என்று பக்கம் கட்டுகிறவர்கள் அடிக்கடி முட்டிக்கொள்ளும் இடங்கள் இவை. பக்க வடிவமைப்பு மென்பொருள்களில், முதலாவது இலவச ஸ்கிரைபஸில் அதிகம், இரண்டாவது சந்தா கட்டும் இன்டிசைனில். எந்தச் சட்டம் (எழுத்தோ படமோ இருக்கும் பெட்டி) மேலே, எது கீழே என்பதை இரண்டும் வேறு வேறு விதமாகப் பார்ப்பதுதான் காரணம்.

ஸ்கிரைபஸில் படச்சட்டம் எழுத்துச்சட்டத்துக்கு மேலே இருந்தால்தான் எழுத்து விலகும். ப்ராப்பர்ட்டீஸில் ஷேப் பகுதிக்குப் போய், பெட்டியைச் சுற்றி எழுத்தை விலக்கும் ‘யூஸ் பவுண்டிங் பாக்ஸ்’ கொடுத்தும் எதுவும் நடக்கவில்லையா? படத்தைத் தேர்ந்தெடுத்து ‘ரெய்ஸ் டு டாப்’ கொடுங்கள். பெரும்பாலும் அதோடு தீர்ந்துவிடும். படக்குறிப்பைப் படத்துக்கும் மேலே வைத்துவிட்டால் அதற்கு எந்தப் பாதிப்பும் இல்லை.

இன்டிசைனின் இயல்புநிலையில், எழுத்தைப் படத்திலிருந்து விலக்கும் ‘டெக்ஸ்ட் ராப்’ மேலே, கீழே என்று பார்ப்பதில்லை. படத்தைத் தொடும் எல்லா எழுத்துச்சட்டத்தையும் தள்ளும். படத்தின் மேல் வைத்த குறிப்பும் தள்ளப்பட்டு, இடமில்லாத எழுத்து மறைந்திருப்பதைக் காட்டும் சிவப்புக் கூட்டல் குறி மட்டும் சட்டத்தின் மூலையில் மிஞ்சும். குறிப்புச் சட்டத்தில் கண்ட்ரோல்+பி அழுத்தி ‘இக்னோர் டெக்ஸ்ட் ராப்’ டிக் செய்தால் எழுத்து திரும்பிவிடும். ப்ரிஃபரன்ஸஸில் கம்போசிஷன் பகுதியில், கீழே உள்ள எழுத்தை மட்டும் தள்ளும்படியும் மாற்றலாம். என்னைக் கேட்டால் ஸ்கிரைபஸின் விதிதான் தெளிவானது. கண்ணால் பார்க்கும் அடுக்கு வரிசைதான் அங்கே எல்லாம்.

ஆனால் படத்துக்கும் எழுத்துக்கும் நடுவே விடும் இடைவெளி விஷயத்தில் இன்டிசைன் எங்கோ முன்னால் போய்விடுகிறது. படத்தின் நான்கு பக்கத்துக்கும் தனித்தனி எண். படத்துக்குக் கீழே மட்டும் 4 மி.மீ. வேண்டுமென்றால் அடித்துவிட்டுப் போகலாம். ஸ்கிரைபஸில் அந்தக் கட்டமே இல்லை. எழுத்து எங்கே விலக வேண்டும் என்று காட்டும் கோட்டுக்கான ‘யூஸ் கான்டூர் லைன்’ தேர்ந்தெடுத்து, எடிட் ஷேப்பைத் திறந்து, ‘எடிட் கான்டூர் லைன்’ டிக் செய்து கோட்டைப் பெரிதாக்க வேண்டும். ஒரு படத்துக்குச் சரி, முப்பது படத்துக்குக் கை வலிக்கும்.

தமிழுக்கென்று ஒரு சிக்கல் தனியாக உண்டு. ‘நினைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு’ போன்ற ஒரு சொல், படத்தின் ஓரத்தில் மிஞ்சும் 3 செ.மீ. இடுக்கில் வந்து விழுந்தால் ஜஸ்டிஃபை செய்த (இரு ஓரமும் சமமாக்கிய) வரிகளில் பெரிய பெரிய ஓட்டை விழும். எந்த மென்பொருளாலும் இதை முழுதாகத் தீர்க்க முடியாது. இன்டிசைனில் மொழியைத் தமிழ் என்றும் வரிகளைப் பிரித்து அமைக்கும் கம்போசரை ‘வேர்ல்ட்-ரெடி’ என்றும் மாற்றினால் ஓரளவு குறையும். ஸ்கிரைபஸில் 1.6-க்கு முந்தைய 1.4 வரிசையில் யூனிகோட் தமிழே உடையும். 2024-இல் வந்த 1.6-ஐத்தான் போட வேண்டும். எதில் செய்தாலும், இரண்டு பத்திப் பக்கத்தில் படத்தின் உருவத்தை ஒட்டி வளைத்து வளைத்து எழுத்தை ஓட்டாதீர்கள். படத்தைப் பத்தி அகலத்துக்கே போட்டுவிடுங்கள். இன்டிசைனில் ‘ஜம்ப் ஆப்ஜெக்ட்’ கொடுத்தால் எழுத்து படத்தின் இரு ஓரமும் ஓடாமல் அதைத் தாண்டிப் போகும்.

கடைசி நேரத்தில் கட்டுரையில் நாலு வரி சேர்ந்தால் என்ன ஆகும்? இன்டிசைனில் படத்தை உரிய இடத்து எழுத்தோடு ஆங்கர் செய்தால் (கட்டி வைத்தால்) கூடவே நகரும். அப்போது ஆங்கர் இருக்கும் வரியும் அதற்கு மேலே உள்ள வரிகளும் விலகாது என்பதால், முந்தைய பாராவின் கடைசியிலேயே ஆங்கரை வையுங்கள். ஸ்கிரைபஸில் வரிக்குள் ஒட்டிய படம் ஒரு பெரிய எழுத்தைப்போல அங்கேயே நிற்கும், சுற்றி எதுவும் ஓடாது. படத்தைத் தனியாக வைத்தாலோ ஒவ்வொன்றையும் கையால் இழுத்து வைக்க வேண்டியதுதான்.

அதனால், அச்சுக்குப் போகும்வரை திருத்தம் வந்துகொண்டே இருக்கும் மாத இதழ் என்றால் இன்டிசைனின் சந்தாவுக்குக் கொடுக்கும் காசு வீண் இல்லை. எழுத்தும் படமும் முடிவான பிறகு கைக்கு வரும் விழா மலர், 16 பக்கக் கையேடு போன்றவற்றுக்கு இலவச ஸ்கிரைபஸே தாராளம். அதில் வேலையைத் தொடங்கும்போதே எல்லாப் படத்தையும் எழுத்துக்கு மேலே ஏற்றி வைத்துவிடுங்கள்.