3எம் 6200 அரைமுக மாஸ்க்: தின்னருக்குச் சரி, ஹார்டனருக்கு வேண்டாம்

நாள் முழுக்கப் பெயின்ட் கரைக்கும் தின்னர் நெடியில் நின்று வேலை செய்கிறவர்கள் முகத்தில் தூசி மாஸ்க்கோடு இருப்பதைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை. அது துகளைத்தான் பிடிக்கும். ஆவி நேராக நுரையீரலுக்குப் போய்விடும். இந்த வேலைக்கு 6200 நல்ல கருவி. இது நடுத்தர அளவு. சின்ன முகத்துக்கு 6100, பெரிய முகத்துக்கு 6300.

மாஸ்க்கைவிட, அதில் மாட்டும் கரி நிரப்பிய காட்ரிஜைத்தான் பார்த்து வாங்க வேண்டும். தின்னருக்கு 6001, அமில வாயுவும் சேர்ந்தால் 6003. ஸ்ப்ரே அடிப்பவர்களுக்குப் பெயின்ட் துளியும் பிரச்சினை என்பதால், 6001 மேல் 5என்11 ஃபில்டரும் அதை இறுக்கும் 501 மூடியும் தேவை. நிறத்தை நம்பி வாங்காதீர்கள். அமெரிக்க முறையில் மஞ்சள் என்றால் கரிம ஆவி (தின்னர் போன்றவற்றின் ஆவி), அமில வாயு இரண்டுக்கும். ஐரோப்பிய முறையில் அதே மஞ்சள் கந்தக டைஆக்சைடு வகைக்கு மட்டும்.

ஒவ்வொரு முறை மாட்டியதும் நடுவிலுள்ள வால்வு மூடியை உள்ளங்கையால் அடைத்து மெல்ல மூச்சு விடுங்கள். மாஸ்க் லேசாக உப்ப வேண்டும். ஓரத்தில் காற்று கசிந்தால் பட்டையைச் சரிசெய்யுங்கள். தாடி இருந்தால் எவ்வளவு இறுக்கினாலும் கசியும். மூடிக்குள் இருக்கும் மெல்லிய வால்வு இதழையும் பாருங்கள்: அதன் விளிம்பில் காய்ந்த பெயின்ட் ஒரு பொட்டு ஒட்டியிருந்தாலே இதழ் படியாது, மூச்சை இழுக்கும்போது நெடி உள்ளே வரும்.

வேலை முடிந்ததும் காட்ரிஜை மூடாமல் வெளியே போட்டுவிடுவதுதான் பலர் செய்யும் தவறு. உள்ளே இருக்கும் கரி சும்மா இருக்காது, அறைக் காற்றிலுள்ள ஆவியையும் ஈரத்தையும் இழுத்துக்கொண்டே இருக்கும். காற்றுப் புகாத பையில் வையுங்கள். நெடி வந்த பிறகு மாற்றலாம் என்று காத்திருக்காமல், வேலை நேரத்தைக் கணக்கிட்டு மாற்றுங்கள். டைகுளோரோமீத்தேன் உள்ள பெயின்ட் ரிமூவர் என்றால் இதை நம்பவே வேண்டாம். அது கரியைச் சீக்கிரமே கடந்துவிடும்.

பெயின்டை இறுக வைக்கும் ஹார்டனரைக் கலந்து அடிக்கும் 2கே பெயின்டில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கும். அது ஆபத்தான அளவில் இருந்தாலும் மூக்குக்குத் தெரியாது. உடம்பு ஒருமுறை அதற்கு ஒவ்வாமை பிடித்துக்கொண்டால், பிறகு துளியளவு பட்டாலே இழுப்பு வரும். அங்கே வெளியிலிருந்து குழாயில் சுத்தக் காற்று தரும் மாஸ்க்தான் சரி. டேங்குக்குள் இறங்கவும் 6200 கூடாது, இது ஆக்சிஜன் தராது.

இருமலும் நெஞ்சிறுக்கமும் லீவில் குறைந்து, வேலைக்குத் திரும்பியதும் கூடுகிறதா? புதுக் காட்ரிஜ் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்காமல், பெயின்ட் டப்பாவின் லேபிளோடு நுரையீரல் மருத்துவரிடம் போங்கள்.