கிடாரில் நோட் பெயர்கள்: டேப், ஏபிசிடி, சரிகம, ஸ்டாஃப், எதில் ஆரம்பிக்கலாம்?

கிடாரில் நாலைந்து கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டு) பிடிக்கத் தெரிந்து, ரெண்டு மூணு பாட்டு வாசிக்க வந்ததும் எல்லோருக்கும் வரும் கேள்விதான் இது. தியரி படிக்கணுமா, படிக்கணும்னா எந்த வழியில்? டேப் போதும் என்று ஒருவர் சொல்வார், ஸ்டாஃப் நொட்டேஷன் (ஐந்து கோட்டில் எழுதும் மேற்கத்திய இசைக்குறிப்பு) இல்லாமல் படிப்பே இல்லை என்று இன்னொருவர் சொல்வார், பாட்டு கற்றவர் சரிகம தெரிந்தால் போதாதா என்று கேட்பார். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எழுத்துப் பெயர்களையும் சுரங்களையும் சேர்த்தே படியுங்கள், டேப்பைப் பாட்டு எடுக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், ஸ்டாஃப் அப்புறம் வரட்டும். காரணம் கீழே.

டேப் எளிது, அதை மறுக்கவே முடியாது. ஆறு கோடு, ஆறு தந்தி, கோட்டின் மேல் இருக்கும் எண், விரல் வைக்க வேண்டிய ஃப்ரெட்டை (கிடார் கழுத்தில் உலோகக் கம்பிகள் பிரிக்கும் கட்டத்தை) காட்டும். மேல் கோடு மெல்லிய தந்தி என்பது மட்டும் முதல் வாரம் குழப்பும், பிறகு பழகிவிடும். டேப்பிடம் இருக்கும் பெரிய பலம், இடத்தைச் சொல்வது. கிடாரில் ஒரே ஒலி பல இடத்தில் கிடைக்கும்: முதல் தந்தியை, அதாவது மெல்லிய தந்தியை, சும்மா மீட்டினால் வரும் ஈ, இரண்டாம் தந்தியில் 5, மூன்றாம் தந்தியில் 9, நான்காம் தந்தியில் 14 என்று வரிசையாக உட்கார்ந்திருக்கிறது. இதில் எதைப் பிடிப்பது என்று டேப் ஒரே பார்வையில் சொல்லிவிடும். ஆனால் ‘ஐந்தாம் தந்தி, 3’ என்று பார்த்து வாசிப்பவருக்கு அது சி என்றும், அப்போது பின்னால் போகும் கார்டில் அதுதான் மூலம் (கார்டுக்குப் பெயர் தரும் ஒலி) என்றும் தெரியாது. நூறு பாட்டு டேப் பார்த்து வாசித்தவரிடம் ‘இதையே ஒரு கட்டை ஏத்தி வாசி’ என்று சொல்லிப் பாருங்கள், பெரும்பாலும் கேப்போவை (எல்லாத் தந்தியையும் ஒரே ஃப்ரெட்டில் அழுத்தும் கிளிப்பை) தேடுவார். இணையத்தில் கிடைக்கும் சாதாரண டேப்களில் தாளக் கணக்கும் இருக்காது, பாட்டை ஏற்கெனவே கேட்டிருந்தால்தான் வாசிக்க முடியும்.

ஸ்டாஃப் இதற்கு நேர் எதிர். எந்த ஒலி, எவ்வளவு நேரம் என்ற ரெண்டையும் சொல்லும், கிடாரில் எந்த இடம் என்பதை (விரல் எண், தந்தி எண் போட்டிருந்தால் தவிர) சொல்லாது. கூடவே கிடாருக்கு எழுதுவதை ஒரு ஸ்தாயி மேலே எழுதுவார்கள், ஒலிப்பது ஒரு ஸ்தாயி கீழே. கிளாசிக்கல் கிடார் கற்பவர், டிரினிட்டி போன்ற கிளாசிக்கல் கிடார் கிரேடு பரீட்சைக்குப் போகிறவர், ஸ்டுடியோவில் எழுதி வைத்ததைப் பார்த்து வாசிக்க ஆசைப்படுகிறவர், இவர்களுக்கு வேறு வழி கிடையாது, சீக்கிரம் தொடங்குவதே நல்லது. பாட்டுக்குப் பக்கவாத்தியமாக வாசிக்க விரும்புகிறவர் இதில் ஆறு மாதம் சிக்கிக்கொண்டால் கிடாரையே மூலையில் வைத்துவிடுவார்.

இப்போது முக்கியமான ரெண்டு: ஏபிசிடியும் சரிகமவும். இவை ஒன்றுக்கொன்று போட்டி என்று நினைப்பதில்தான் சிக்கல். சி என்றால் ச, டி என்றால் ரி என்று அப்படியே ஒட்டி மனப்பாடம் செய்கிறவர்கள் நிறையப் பேர். சி மேஜர் ஸ்கேலில் அது சரியாகவே வரும், ஏனென்றால் அது சி-யை ச-வாக வைத்த சங்கராபரணம்தான். பாட்டு ஜி-க்குப் போனதும் எல்லாம் குலைந்துவிடும். எழுத்து என்பது நிலையான ஒலியின் பெயர், சுரம் என்பது ச-வோடு அதற்கு இருக்கும் உறவு. நம் ஊர்ப் பாடகர்களுக்கு இந்த வேறுபாடு ஏற்கெனவே தெரியும், கட்டை என்று சொல்கிறோமே, அதுதான் நிலையான ஒலி. 1 கட்டை சி, 2 டி, 3 ஈ, 4 எஃப், 5 ஜி, 6 ஏ. 1½ என்றால் சி ஷார்ப் (சி-க்கு அடுத்த ஃப்ரெட்), 5½ என்றால் ஜி ஷார்ப். 3½ கட்டை என்று ஒன்று இல்லை, கவனித்திருக்கிறீர்களா? ஈ-க்கும் எஃப்-க்கும் நடுவில் ஹார்மோனியத்தில் கறுப்புக் கட்டை கிடையாது. கிடாரில் முதல் நாள் மனப்பாடம் செய்யச் சொல்லும் விதியும் இதேதான்: ஈ-எஃப், பி-சி இந்த ரெண்டு ஜோடி அடுத்தடுத்த ஃப்ரெட், மற்ற எல்லா ஜோடிக்கும் நடுவில் ஒரு ஃப்ரெட் உண்டு.

ஒரே இடத்துக்கு ரெண்டு பெயர் வருவதும் நமக்குப் புதிதில்லை. சி ஷார்ப்பும் டி ஃபிளாட்டும் (டி-க்கு ஒரு ஃப்ரெட் கீழே) கிடாரில் ஒரே ஃப்ரெட். கர்நாடக இசையிலும் 12 இடங்களுக்கு 16 சுரப்பெயர்கள், சதுஸ்ருதி ரிஷபம் இருக்கும் இடமே சுத்த காந்தாரம். எந்தப் பெயரைச் சொல்வது என்பதை ஸ்கேல் முடிவு செய்யும்: எஃப் மேஜரில் ஏ-க்குப் பிறகு பி ஃபிளாட் என்போம், ஏ ஷார்ப் என்று சொன்னால் ஏ ரெண்டு தடவை வந்து பி காணாமல் போய்விடும்.

சரிகம தெரிந்தவருக்குக் கிடாரில் ஒரு பெரிய வசதி இருக்கிறது. ஐந்தாம் தந்தியில் 3, 5. நான்காம் தந்தியில் 2, 3, 5. மூன்றாம் தந்தியில் 2, 4, 5. இதை வாயால் ஸ ரி க ம ப த நி ஸ் என்று பாடிக்கொண்டே மெதுவாக வாசியுங்கள், சி மேஜர். இதே வடிவத்தை அப்படியே ரெண்டு ஃப்ரெட் தள்ளி, ஐந்தாம் தந்தியில் 5-லிருந்து ஆரம்பித்தால் டி மேஜர். விரல் வடிவம் மாறவில்லை, பாடும் சுரமும் மாறவில்லை, எழுத்துகள் மட்டும் மாறின. கீபோர்டில் கறுப்புக் கட்டைகள் குறுக்கே வருவதால் இந்தச் சலுகை கிடைக்காது. காதுக்குச் சுரம், கூட வாசிப்பவர்களோடு பேச எழுத்து, ரெண்டும் வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். சி-யை ச-வாக வைத்த பாட்டில், சுரம் மட்டும் தெரிந்தவர் பேஸ் கிடார் வாசிப்பவரிடம் ‘ம-வுக்குப் போ’ என்றால் அவர் முழிப்பார், ‘எஃப்’ என்றால் அடுத்த நொடி அங்கே இருப்பார்.

சரி, எழுத்துகளை எப்படி மனதில் ஏற்றுவது? இதிலும் வழிகள் மோதுகின்றன. ஆறு தந்தியையும் ஒவ்வொன்றாக 12 ஃப்ரெட் வரை ஒப்பிப்பது ஒரு வழி, பள்ளிக்கூட வாய்ப்பாடு மாதிரி. வரிசையாகச் சொல்ல வரும், நடுவில் ‘நான்காம் தந்தியில் 7 என்ன’ என்று கேட்டால் முதலிலிருந்து எண்ண வேண்டியிருக்கும். எனக்குப் பிடித்த வழி வேறு: ஆறாம் தந்தியையும் ஐந்தாம் தந்தியையும் மட்டும் நன்றாக ஏற்றிக்கொள்வது. பார் கார்டுகளின் (ஒரு விரலைக் குறுக்கே படுக்கவைத்துப் பல தந்திகளை அழுத்தும் கார்டுகளின்) மூல ஒலி பெரும்பாலும் இந்த ரெண்டிலும்தான் இருக்கிறது. பாடகர் வந்து ‘எனக்கு 1½ கட்டை’ என்றால் சி ஷார்ப், ஆறாம் தந்தியில் 9, ஐந்தாம் தந்தியில் 4, அவ்வளவுதான், கை தானாகப் போய்விடும். ஆறாம் தந்தியில் 3, 5, 7 என்று புள்ளி வைத்த இடங்கள் ஜி, ஏ, பி. ஐந்தாம் தந்தியில் அதே இடங்கள் சி, டி, ஈ. முதலில் இந்த ஆறும் போதும்.

மற்ற தந்திகளுக்கு ஸ்தாயி வடிவம். ஆறாம் தந்தியில் எங்கே இருந்தாலும் ஒரு தந்தி விட்டு நான்காம் தந்திக்கு வந்து ரெண்டு ஃப்ரெட் முன்னால் போனால் அதே பெயர், ஒரு ஸ்தாயி மேலே. ஐந்திலிருந்து மூன்றுக்கும் இதே கணக்கு. நான்கிலிருந்து இரண்டுக்கும் மூன்றிலிருந்து ஒன்றுக்கும் போகும்போது மட்டும் மூன்று ஃப்ரெட், ஏனென்றால் ஜி தந்திக்கும் (மூன்றாவது) பி தந்திக்கும் (இரண்டாவது) நடுவில் நாலு ஃப்ரெட் தூரம்தான், மற்ற அடுத்தடுத்த தந்திகளுக்கு ஐந்து. ட்யூன் செய்யும்போது அந்த ஒரு இடத்தில் மட்டும் 4-ஆம் ஃப்ரெட்டைப் பிடிப்பதும் இதனால்தான். முதல் தந்தியைத் தனியாகப் படிக்க வேண்டாம், அதுவும் ஈ, ஆறாம் தந்தியின் அதே பெயர்கள்.

ஒரு நாளைக்கு ஒரு எழுத்தை எடுத்துக்கொண்டு 12-ஆம் ஃப்ரெட்டுக்குள் அது எங்கெல்லாம் இருக்கிறது என்று தேடி, வாய்விட்டுச் சொல்லி மீட்டுவதைச் சோதனையாக வைத்துக்கொள்ளலாம். ஆப்களில் வரும் வினா விளையாட்டுகளும் இதையே செய்கின்றன, கெடுதல் இல்லை, ஆனால் திரையைத் தொட்டுப் பதில் சொல்வதில் காதுக்கு வேலை இல்லை. கிடாரைக் கையில் வைத்துக்கொண்டே செய்யுங்கள்.