ஆத்து தண்ணிக்கு மெர்குரி டெஸ்ட் கிட்: ஸ்ட்ரிப் ஓகே, டப்பா மேல போட்டிருக்குறது தான் பிரச்சனை (2/5)

கிட் யூஸ் பண்றது ஈஸி தான், ஸ்ட்ரிப்பை தண்ணில முக்கி எடுத்து கொஞ்ச நேரம் விட்டுட்டு கலர் கார்டு பக்கத்துல வெச்சு பாக்கணும், அவ்ளோதான். பகல் வெளிச்சத்துல பாருங்க, டியூப்லைட்ல எல்லா ஷேடும் ஒண்ணு மாதிரி தான் இருக்கு. கெமிக்கல் கழிவு எறங்குன கிணத்து தண்ணிய செக் பண்ண இது உதவும், அதுல எனக்கு சண்டை இல்ல.

ஆனா டப்பா மேல கர்ப்பிணி படத்தை போட்டு ‘ஆத்தோர குடும்பங்களுக்கு நிம்மதி’னு எழுதிருக்காங்க பாருங்க, அங்க தான் கடுப்பாகுது. ஆத்துல கலக்குற பாதரசம் பெரும்பாலும் குடிக்கிற தண்ணி வழியா நம்மகிட்ட வரதில்ல, மீன் வழியா தான் வருது. அடி சேத்துல இருக்குற பாக்டீரியா அதை மெத்தில் மெர்குரிங்கற, உடம்புல சேந்துக்கிற பாதரச வடிவமா மாத்துது, அது பாசி, புழு, சின்ன மீன், அதை தின்ற பெரிய மீன்னு ஏற ஏற சேந்துக்கிட்டே போய் கடைசில தண்ணில இருக்குறதை விட லட்சக்கணக்கான மடங்கு கூட ஆயிடும். கார்டுல மொத கட்டமே லிட்டருக்கு 2 மைக்ரோகிராம், குடிதண்ணிக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்றது 6. மீன் கெட்டுப்போற அளவுக்கு பாதரசம் இருக்குற ஆத்துல கூட தண்ணில நானோகிராம் (மைக்ரோகிராம்ல ஆயிரத்துல ஒரு பங்கு) கணக்குல தான் இருக்கும், ஸ்ட்ரிப் கலரே மாறாது, நீங்களும் நிம்மதியா பெரிய மீனை வாங்கி கொழந்தைக்கு ஊட்டுவீங்க.

ஜப்பான்ல அகானோ ஆத்தோரத்துல 1965ல வெளிய தெரிஞ்சது இதே கதை தான், ஆலைக்கழிவு கலந்த ஆத்து மீனை சாப்பிட்டவங்க தான் பாதிக்கப்பட்டாங்க. அதுக்கு முன்னாடி அதே ஜப்பான்ல மினமாட்டாங்கற கடலோர ஊர்லயும் ஆலைக்கழிவு மீன் தான், அம்மாவுக்கு பெருசா ஒண்ணும் தெரியாது, பொறந்த கொழந்தைக்கு மூளை பாதிப்பு. மெத்தில் மெர்குரி நஞ்சுக்கொடியை தாண்டி போறது மட்டுமில்ல, தொப்புள்கொடி ரத்தத்துல அம்மா ரத்தத்தை விட அதிகமாவே இருக்கும். மீனை வேக வெச்சாலும் பொரிச்சாலும் தோலை உரிச்சாலும் போகாது, சதையில இருக்குற புரதத்தோட ஒட்டிக்கிட்டிருக்கு.

மீனை டெஸ்ட் பண்ண முடியுமானு கஸ்டமர் கேர்ல கேட்டேன், மீன் கழுவுன தண்ணில ஸ்ட்ரிப்பை முக்குங்கனு பதில் வந்துச்சு. சத்தியமா.

தெனமும் ஆத்து மீன் சாப்பிடுற வீடா இருந்தா, அதுவும் கர்ப்பிணியோ சின்ன பசங்களோ இருந்தா, இந்த காசை லேப்ல முடி டெஸ்ட்டுக்கு போடுங்க. முடி மாசத்துக்கு சுமாரா 1 செ.மீ. வளரும், அதனால தலையை ஒட்டி வெட்டுன 3 செ.மீ.ல கடைசி மூணு மாசம் சாப்பிட்டதோட கணக்கு இருக்கும். ஒரு கிராம் முடிக்கு 1 மைக்ரோகிராம் பாதரசத்துக்கு மேல வந்தா பயந்து மீனையே நிறுத்த வேணாம், மத்த மீனை தின்னு வளர்ற பெரிய மீனை விட்டுட்டு சின்ன மீனுக்கு மாறுங்க. உடம்புல இருக்குறது பாதியா கொறையவே ரெண்டு மாசம் கிட்ட ஆகும், அதனால கொழந்தைக்கு பிளான் பண்றவங்க முன்னாடியே மாறிடுறது நல்லது.

ஒண்ணு மட்டும், பாதரசம் போட்டு தங்கம் பிரிச்சு அதை சூடு பண்ற எடத்துல இருக்கவங்களுக்கு முடி டெஸ்ட் சரியா காட்டாது, அங்க ஆவியா மூச்சுல போகுது, யூரின் டெஸ்ட் தான் எடுக்கணும். பாதரசம் கலந்த ஃபேர்னஸ் க்ரீம் பூசுறவங்களுக்கும் அதே தான்.