‘ஃபுல் செட்’ என்று சொன்னால் லைட்டின் பெட்டியைக் காட்டச் சொல்லுங்கள்

நுவரெலியா, நானுஓயா, ஹட்டன், பண்டாரவளை பக்கம் இருந்துகொண்டு வெளிநாட்டு ஓணான் வகைகளான இகுவானா வாங்கலாமா, பியர்டட் டிராகன் வாங்கலாமா என்று யோசிப்பவர்கள் பணம் போடுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். வாட்ஸ்அப்பில் ‘மலைநாட்டுக்கு ஏற்ற ஃபுல் செட்’ என்று பிராணியோடு தொட்டி, லைட் எல்லாம் சேர்த்து விற்கும் விளம்பரம் வருகிறதே, அப்படி ஒன்றை எங்கள் வீட்டில் வாங்கினோம். விற்றவரின் பெயரையும் ஊரையும் இங்கே போடவில்லை. இதே விதமாக விற்பவர்கள் வேறு சிலரும் இருப்பதால், எப்படி ஏமாற்றினார் என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

ஆசைப்பட்டது அக்கா மகன். ஓ.எல். பரீட்சை முடிந்த கையோடு ஊர்வன வளர்க்க வேண்டும் என்று பிடிவாதம். அக்காவின் மாமியார் மட்டும், “வேலியில போற ஓணானைப் புடிச்சு மடியில விட்டுக்கப் போறீங்களா?” என்று கேட்டார். பழமொழியாகச் சொல்லவில்லை, நிஜமாகவே கேட்டார்.

இரண்டில் எது என்பதை நானும் பையனும் உட்கார்ந்து படித்துப் பார்த்துத்தான் முடிவு செய்தோம். பச்சை இகுவானா மத்திய, தென் அமெரிக்கக் காடுகளில் மரத்தின் மேல் வாழ்வது. இலைதழைதான் தீனி. குட்டியாக இருக்கும்போது உள்ளங்கையில் அழகாக உட்காரும். சரியாகத் தீனி போட்டால் மூன்று நான்கு வருடத்தில் நாலடி ஆகிவிடும். முழுதாக வளர்ந்த ஆண், வாலோடு ஐந்து ஆறடி. இனப்பெருக்கக் காலத்தில் வளர்த்தவரையே கடிக்க வரும், வாலால் சாட்டை மாதிரி அடிக்கும். நன்றாகப் பார்த்துக்கொண்டால் 15, 20 வருடம் இருக்கும். அதற்குக் கூண்டு போதாது, ஒரு அறையே வேண்டும். அந்த அறை சூடாகவும் இருக்க வேண்டும், காற்றில் ஈரமும் இருக்க வேண்டும். நம் ஊரில் ஈரத்துக்குப் பஞ்சமில்லைதான். ஆனால் அது குளிர்ந்த ஈரம். இகுவானாவுக்கு நெஞ்சில் சளி கட்ட அதைவிட வேறெதுவும் வேண்டாம்.

அமெரிக்காவில் ஃபுளோரிடாவில் குளிர் கூடும்போது இகுவானாக்கள் மரத்திலிருந்து விறைத்து விழும். 2020 ஜனவரியில் மியாமி வானிலை நிலையமே ‘மரத்திலிருந்து இகுவானா விழலாம்’ என்று அறிவித்தது. அங்கே அப்படி விழுவது வெப்பம் நாலைந்து பாகைக்கு இறங்கும்போது. நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரி விடியற்காலைகளில் புல்லில் வெள்ளையாகப் பனி உறைவதைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

பியர்டட் டிராகன் ஆஸ்திரேலியாவின் உள்நாட்டு வறண்ட பகுதியைச் சேர்ந்தது. வாலோடு ஒன்றரையிலிருந்து இரண்டு அடி. எட்டிலிருந்து பன்னிரண்டு வருடம் வரை வாழும். குட்டிக்குப் பூச்சிதான் அதிகம் வேண்டும், வளர்ந்த பிறகு கீரை அதிகம். குணம் சாது. அது காய்கிற இடம் 40 பாகை அளவுக்குச் சூடாக இருக்க வேண்டும், கூண்டின் மறுபக்கம் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். நானுஓயாவில் அதை வரவழைப்பது சுலபமில்லை. ஆனால் நாலடிப் பெட்டிக்குள் வறண்ட சூட்டை உண்டாக்கலாம், ஒரு முழு அறையை அமேசன் காடாக்க முடியாது. 100 வாட் பல்பு பகலில் 12 மணி நேரம் எரிந்தால் மாதத்துக்கு 36 யூனிட். இரவுக்கு வெளிச்சமில்லாத ஹீட்டர் வேறு. 60 யூனிட்டுக்குள் பில்லை அடக்கி வைத்திருக்கும் வீடுகளுக்கு அதுவே பெரிய அடி. 2022, 2023இல் கட்டணம் ஏறியதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். இகுவானா என்றால் இன்னும் மோசம். ஆகவே பியர்டட் டிராகன் என்று முடிவு செய்தோம். அந்த முடிவு சரி என்றுதான் இப்போதும் சொல்வேன்.

விற்பவர் முதலில் இகுவானாவைத்தான் தள்ளப் பார்த்தார். “அண்ணே, இது குள்ள ஜாதி. ரெண்டு அடிக்கு மேல வளராது. கோவா, கேரட் போட்டாப் போதும், உங்க ஊர்ல அதுதானே மலிவு” என்றார். குள்ளப் பச்சை இகுவானா என்று ஒரு ஜாதி இல்லை. பட்டினி போட்டும் வெயில் காட்டாமலும் வளர்த்தால் எந்த இகுவானாவும் குட்டையாகத்தான் இருக்கும், பிறகு சாகும். கோவாவை, அதாவது முட்டைக்கோஸை மட்டும் நம்பி அதை வளர்க்கவும் முடியாது. முருங்கை இலை, அகத்தி, செம்பருத்தி இலை என்று கலந்து கொடுக்க வேண்டும். இதையெல்லாம் நான் சொன்னதும் மனிதர் அரை நிமிடத்தில் கட்சி மாறிவிட்டார். “அப்ப பியர்டட் டிராகன் எடுங்க அண்ணே. இது குளிர் தாங்கும். ஆஸ்திரேலியாவுல இருந்து நேரடியா வந்தது.”

இந்த ‘நேரடியாக’ என்ற பேச்சை யார் சொன்னாலும் அங்கேயே போனை வைத்துவிடலாம். தன் நாட்டு ஊர்வனவற்றை வியாபாரத்துக்காக உயிரோடு வெளியே அனுப்ப ஆஸ்திரேலியா பல பத்தாண்டுகளாக அனுமதிப்பதில்லை. உலகச் சந்தையில் இருக்கும் பியர்டட் டிராகன்கள் வேறு நாடுகளில் வளர்ப்பில் பிறந்தவை. கேட்டதற்கு, “அதுதான் அண்ணே, அந்தப் பரம்பரை” என்று சிரித்துச் சமாளித்தார்.

அடுத்து நான் கேட்டது யூவிபி லைட் பற்றி, அதாவது வெயிலில் இருக்கும் புறஊதாக் கதிரைத் தரும் விளக்கு. எழுத்திலேயே கேட்டேன், பதிலும் எழுத்தில் வந்தது: ‘ஒரிஜினல் யூவிபி, ஃபுல் செட்டில் சேரும்.’ கண்ணாடித் தொட்டி, மணல், சூடாகும் கல், இரவுக்குச் சிவப்பு பல்பு, ‘யூவிபி’, பேர்மிட் நகல், இரண்டு மாதக் குட்டி. எல்லாம் சேர்த்து என் மாதச் சம்பளத்தில் பாதிக்கு மேல். வங்கியில் போடச் சொன்னார், போட்டோம். கண்டியிலிருந்து வரும் பஸ்ஸில் ஏற்றிவிட்டார். ரசீது கேட்டதற்கு, “ஸ்லிப் இருக்குதானே அண்ணே.”

குட்டி வந்தபோது ஒரு காலில் இரண்டு விரல் நுனி இல்லை. ஒரே தொட்டியில் நிறையக் குட்டிகளைப் போட்டு வைத்தால் ஒன்றையொன்று கடித்துக்கொள்ளும். அதை விடுங்கள், அதோடு அது நன்றாக வாழலாம். பெரிய மோசடி அந்த லைட்டில் இருந்தது.

அது ஊதா வெளிச்சம் போடும் ஒரு சின்ன எல்ஈடி பல்பு. பெட்டி இல்லை, பிளாஸ்டிக் உறையில் ‘யூவிபி’ என்று பேனாவால் எழுதி ஒட்டியிருந்தது. போட்டால் ஊதா நிறத்தில் ஜொலிக்கும், பார்ப்பவர்களுக்கு ஏதோ விசேஷமான லைட் என்று தோன்றும். உண்மையில் யூவிபி என்பது 280 முதல் 315 நானோமீட்டர் வரையான கதிர், அது கண்ணுக்கே தெரியாது. அந்த ஊதா பல்பில் வருவது 395 நானோமீட்டர் பக்கம். கடைகளில் கள்ள நோட்டு பார்க்க வைத்திருக்கிறார்களே, அதே சாமான். அதில் ஐயாயிரம் ரூபாய் நோட்டைச் சரிபார்க்கலாம், ஓணானை வளர்க்க முடியாது.

ஏன் இதற்கு இவ்வளவு சொல்கிறேன் என்றால், இந்தப் பிராணிகளுக்குத் தோலில் யூவிபி பட்டால்தான் வைட்டமின் டி3 போதிய அளவு உருவாகும். டி3 இல்லாவிட்டால் தின்ற கல்சியம் உடம்பில் சேராது. அப்புறம் இரத்தத்துக்குத் தேவையான கல்சியத்தை உடம்பு எலும்பிலிருந்தே எடுக்க ஆரம்பிக்கும். தாடை ரப்பர் மாதிரி இளகும், விரல் நடுங்கும், கால் வளையும். இகுவானாவுக்கும் இதே கதைதான். வளர்ப்பில் இருக்கும் ஊர்வன இளவயதில் கெட்டுப்போவதற்கு இது ஒரு பெரிய காரணம். ஜன்னல் ஓரம் வெயிலில் வைத்தால் போதும் என்று அந்த ஆள் சொன்னதும் பொய், சாதாரணக் கண்ணாடி யூவிபியை வடிகட்டிவிடும்.

வந்த சில வாரத்தில் குட்டி வயிற்றைத் தூக்கி நடப்பதை நிறுத்தியது. வெட்டுக்கிளியைத் துரத்தப் பார்க்கும், முன்கால் வெடவெடக்கும். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் கால்நடை வைத்தியசாலைக்குக் கொண்டுபோனோம். வழியில் குளிர் அடிக்கக்கூடாது என்று சுடுதண்ணீர்ப் போத்தலைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தான் பையன். எக்ஸ்ரேயில் எலும்பு மெலிந்திருப்பது எனக்கே தெரிந்தது. வைத்தியர் திட்டவில்லை. என்ன லைட் என்று கேட்டார், கையோடு கொண்டுபோயிருந்த பல்பைக் காட்டினேன், தலையை ஆட்டினார். கல்சியம் மருந்து எழுதிக் கொடுத்தார். உண்மையான யூவிபி டியூப் வாங்கச் சொன்னார், சூடாகும் கல்லைத் தூக்கி எறியச் சொன்னார். அது வயிற்றைப் பொசுக்கிவிடுமாம். இரவில் சிவப்பு பல்பும் வேண்டாம், அந்த வெளிச்சம் அதற்குத் தெரியும், தூக்கம் கெடும் என்றார். ஆக ‘ஃபுல் செட்’டில் மிஞ்சியது கண்ணாடித் தொட்டி மட்டும்.

விற்றவருக்கு எக்ஸ்ரே படத்தை அனுப்பினேன். முதல் வொய்ஸ் மெசேஜில், “அண்ணே, நீங்க குளிர்ல வச்சிட்டீங்க” என்றார். குளிர் தாங்கும் என்று அவரே எழுதியதைத் திருப்பி அனுப்பினேன். அடுத்த வொய்ஸ்: “நான் அப்பவே இகுவானா எடுங்கன்னு சொன்னேன்ல? இதைத் திருப்பிக் குடுத்துட்டு மேல கொஞ்சம் காசு போடுங்க, இகுவானா தாறேன்.” எனக்குக் கோபத்தை விட ஆச்சரியம்தான் வந்தது. நோயாளிக் குட்டியைத் திருப்பி வாங்கி அடுத்த ஆளுக்கு விற்பார், நமக்கு ஆறடி வளரும் ஒன்றைத் தலையில் கட்டுவார். இரண்டு பக்கமும் அவருக்குக் காசு. முடியாது என்றதும் பிளாக் செய்துவிட்டார்.

அந்த ‘பேர்மிட்’டையும் அப்போதுதான் நிதானமாகப் படித்தோம். அது அலங்கார மீன் இறக்குமதிக்கான கடிதத்தின் நகல். பெயர் இருந்த இடம் வெள்ளை மையால் அழிக்கப்பட்டிருந்தது. இது சின்ன விஷயம் இல்லை. பச்சை இகுவானா, காட்டுயிர்களின் சர்வதேச வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது, ஏற்றுமதி செய்யும் நாட்டின் அனுமதி இல்லாமல் எல்லை தாண்டக்கூடாது. உள்ளே கொண்டுவரும்போது இங்கேயும் அனுமதி வேண்டும். கடத்தி வந்ததைத் தெரியாமல் வாங்கினாலும் பிராணி பிடிபடுவது உங்கள் வீட்டில். நாங்கள் வனசீவராசிகள் திணைக்கள அலுவலகத்துக்கு நேரில் போய் எல்லாவற்றையும் காட்டி, நடந்ததை எழுதிக் கொடுத்துவிட்டோம். மறைத்து வைப்பதைவிட அது மேல்.

இன்னொன்று, எனக்கு மிகவும் கோபம் வந்த விஷயம். குட்டி வாங்கிய புதிதில் அவர் பையனுக்குத் தனியாக ஒரு படம் அனுப்பியிருந்தார். மூக்கின் மேல் சின்னக் கொம்போடு ஒரு ஓணான். ஹோட்டன் சமவெளி, ஹக்கல பக்கக் காடுகளில் இருப்பது, இலங்கையைத் தவிர வேறெங்கும் இல்லாதது. ‘தம்பி, உங்க பக்கம் இது கிடைச்சா சொல்லுங்க, நல்ல காசு தாறேன்.’ பிள்ளையிடம் கேட்டிருக்கிறார்! 1937ஆம் ஆண்டு விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் இதைப் பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றம். இந்த மாதிரி நம் நாட்டு ஓணான்கள் வெளிநாட்டுக்குக் கடத்தப்படுவதால்தான் 2019 சைட்டிஸ் மாநாட்டில் பல இனங்களை அட்டவணையில் சேர்த்தார்கள். அந்த மாநாடே கொழும்பில் நடக்க வேண்டியது, ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகு ஜெனீவாவுக்குப் போனது. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இப்படிக் காசு ஆசை காட்டி யாராவது மெசேஜ் அனுப்பினால் பெற்றோர் கவனியுங்கள். மாட்டுவது பிள்ளைகள்தான், வாங்குகிறவன் கொழும்பில் இருப்பான்.

காசு விஷயத்தில் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு அழைத்தோம். முறைப்பாட்டை எழுத்தில், வாங்கி மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். வங்கி ஸ்லிப், ‘ஒரிஜினல் யூவிபி’ என்று அவர் எழுதிய மெசேஜ், வைத்தியரின் கடிதம் எல்லாம் இணைத்தோம். காசு இன்னும் வரவில்லை. ரசீது கொடுக்காதவரிடம் வாங்கினால் இந்த வழி நீளம். வொய்ஸில் பேசுகிறவர்களிடம் எழுத்தில் பதில் கேட்டு வாங்கி வையுங்கள், எங்களிடம் இருந்த பலமே அந்த ஒரு வரிதான்.

சரி, இவ்வளவுக்குப் பிறகும் வாங்கத்தான் வேண்டும் என்றால், பிராணியைப் பார்ப்பதற்கு முன் லைட்டைப் பாருங்கள். உண்மையான யூவிபி டியூப் அச்சிட்ட பெட்டியோடு வரும், அதில் 5.0, 10.0 அல்லது 12% என்று அளவு போட்டிருக்கும். டியூபின் மேலேயே பெயரும் இருக்கும். எரிந்துகொண்டிருந்தாலும் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் கதிர் குறைந்துவிடும், அதனால் பழைய டியூபைத் தள்ளிவிடவும் பார்ப்பார்கள். குட்டி சாப்பிடும் வீடியோ கேளுங்கள், அதில் நாலு காலிலும் நிமிர்ந்து நிற்கிறதா என்று பாருங்கள். பூச்சிக்கு எங்கே போவீர்கள் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். மரக்கறித் தோட்டத்து வெட்டுக்கிளி வேண்டாம், லீக்ஸுக்கும் உருளைக்கிழங்குக்கும் அடித்த மருந்து அதன் வயிற்றில் இருக்கும். மின்மினிப் பூச்சி ஒன்றே பியர்டட் டிராகனைக் கொன்றுவிடும். வீட்டில் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் தள்ளிப் போடுங்கள், ஊர்வன எதிலும் வயிற்றுப்போக்கு உண்டாக்கும் சல்மனெல்லா கிருமி இருக்கலாம்.

எங்கள் குட்டி பிழைத்துக்கொண்டது. முன்கால் வளைவு நிமிராது, ஆனால் நன்றாகத் தின்கிறது. பையன் புது டியூபின் மேல் போட்ட தேதியை எழுதி ஒட்டியிருக்கிறான். அக்காவின் மாமியார் இப்போது அதற்கு முருங்கை இலை உருவிப் போடுகிறார், கேட்டால் பையனுக்காகத்தான் என்கிறார்.

அந்த விற்பனையாளர் வேறு பெயரில் புதுப் பக்கம் தொடங்கிவிட்டார். பச்சை டைல்ஸ் தரை, அதே தொட்டி, ஊதா வெளிச்சம், ‘மலைநாட்டுக்கு ஏற்ற ஃபுல் செட்’. எனக்குத் தெரிந்தவர்கள் சிலர் லைட்டின் பெட்டியைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லிக் கேட்டார்கள். ஒருவருக்கும் அனுப்பவில்லை.